கறுப்புப் பெட்டிக்கு மூன்று கோடி!

விக்டோரியா காலத்துக் காமிராக்களின் விலை ரகசியம்

பரணைத் தட்டினால் தூசி விழும், ஒட்டடை விழும். அதிர்ஷ்டம் இருந்தால் கோடி ரூபாயும் விழும்!

ஜெர்மனியில் ம்யூனிச் நகரத்து வீடு ஒன்றின் பரணில் ஒரு மரப் பெட்டி பல ஆண்டுகளாகக் கிடந்தது. கறுப்பு வர்ணம் பூசிய சாதாரணப் பெட்டி. முன்பக்கம் பித்தளைக் குழலுக்குள் ஒரு லென்ஸ். அவ்வளவுதான். வழியில் கிடந்தால் காலால் ஒதுக்கிவிட்டுப் போகத் தோன்றும்.

2007-ம் ஆண்டு மே மாதம் அந்தப் பெட்டி வியன்னா நகரில் 'வெஸ்ட்லிக்ட்' என்ற ஏலக் கூடத்துக்கு வந்தது. ஏலம் முடிந்தபோது அதன் விலை 5,88,000 யூரோவைத் தாண்டியிருந்தது. அன்றைய கணக்கில் நம் பணம் மூன்று கோடிக்கு மேல்!

கதை அதோடு முடியவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2010 மே மாதம், அதே கூடத்தில் இன்னொரு மரப் பெட்டி ஏலம் போயிற்று. இதன் விலை 7,32,000 யூரோ. நாலு கோடி ரூபாய்க்கு மேல்!

இரண்டு பெட்டிகளும் காமிராக்கள். இரண்டுமே 1839-ம் ஆண்டில் செய்தவை. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து அப்போது இரண்டே வருஷம் ஆகியிருந்தது.

"அப்படியானால் எங்கள் தாத்தாவின் காமிரா என்ன விலை போகும்?" என்று கேட்டுக்கொண்டே நீங்கள் ஏணியைத் தேடுவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். பழைய காமிரா எல்லாம் புதையல் அல்ல. பளபளக்கும் மஹாகனிப் பெட்டி சில நூறு பவுனோடு நின்றுவிடுகிறது. அசட்டுத் தகரப் பெட்டி ஒன்று ஆயிரக் கணக்கில் ஏறுகிறது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது தெரிந்தவன் சேகரிப்பாளன், தெரியாதவன் ஏமாளி!

முதல் பிள்ளைகள்

விக்டோரியா மகாராணி 1837-ல் அரியணை ஏறி 1901-ல் காலமானார். அந்த 63 ஆண்டுகளுக்குள்தான் காமிரா என்ற சாதனம் பிறந்து, தவழ்ந்து, நடந்து, கடைசியில் குழந்தைகள் கையிலும் போய்ச் சேர்ந்தது. ஆகவேதான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காமிரா சேகரிப்போருக்கு இந்தக் காலத்தின் மேல் தனி மோகம்.

1839 ஆகஸ்டு 19-ந் தேதி பாரிஸ் நகரில் விஞ்ஞானக் கழகமும் கலைக் கழகமும் கூட்டாக ஒரு கூட்டம் நடத்தின. டாகேர் என்ற திரைச்சீலை ஓவியர் கண்டுபிடித்த வித்தை அன்று உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் சூரிய வெளிச்சமே படம் எழுதும் வித்தை அது.

வித்தை வெளியானதும் கருவி வேண்டுமே! டாகேரின் மனைவி வழி உறவினரான அல்போன்ஸ் ஜிரூ என்பவர் காமிராக்களைச் செய்து விற்றார். உலகில் முதன் முதலாக விற்பனைக்கென்று வந்த காமிரா அதுதான். விலை 400 பிராங்க். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி நுழைந்து முன்னும் பின்னும் நகரும் அமைப்பு. பக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு வில்லை. அதில் டாகேரின் கையெழுத்தும் ஜிரூவின் முத்திரையும் இருக்கும். "இந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அசல் என்று நம்பாதே" என்பது அதன் பொருள். போலிக்குப் பயந்து வைத்த அந்த வில்லைதான் இன்று கோடிக்கு அத்தாட்சி! 2010-ல் நாலு கோடிக்குப் போனது இந்த ஜிரூ காமிராக்களில் ஒன்று. இன்று உலகம் முழுவதும் தேடினாலும் ஒரு டஜனுக்குக் கொஞ்சம் கூடக் குறையத்தான் இருக்கும்.

ம்யூனிச் பரணில் கிடந்த பெட்டியின் கதை இன்னும் ருசியானது. அதைச் செய்தவர்கள் பாரிஸில் இருந்த சூஸ் சகோதரர்கள். அவர்களும் டாகேரிடம் அனுமதி பெற்று அதே 1839-ல் காமிரா விற்றார்கள். ஆனால் டாகேரின் கையெழுத்து கிடையாது. வழவழப்பான மரத்துக்குப் பதில் கறுப்பு வர்ணம். விலையும் ஜிரூவுடையதைவிடக் குறைவு. ஆக, அன்றைக்கு அது மலிவு சரக்கு! மலிவு சரக்கை யார் பத்திரப்படுத்துவார்கள்? எல்லாம் அழிந்து போயிற்று. சூஸ் சகோதரர்கள் காமிரா விற்றார்கள் என்பது பழைய எழுத்துக்களில் மட்டும் இருந்தது. பொருள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அந்த நிலையில்தான் பரணிலிருந்து இந்த ஒற்றைப் பெட்டி இறங்கி வந்தது. மூன்று கோடி ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

இதே காலத்தில் இங்கிலாந்தில் பாக்ஸ் டால்பட் என்ற கனவான் வேறொரு வழியில் காகிதத்தில் படம் பிடித்துக் கொண்டிருந்தார். லேகாக் என்ற ஊரில் இருந்த தம் மாளிகையைச் சுற்றிச் சின்னச் சின்ன மரப் பெட்டிகளை வைத்துவிட்டுக் காத்திருப்பார். அவருடைய மனைவி அந்தப் பெட்டிகளுக்கு வைத்த பெயர் 'எலிப் பொறி'! அந்த எலிப் பொறிகள் இன்று பிரிட்டிஷ் பொருட்காட்சி சாலைகளின் செல்வங்கள். கோடீசுவரர்கள் எவ்வளவு ஏங்கினாலும் அவை ஏலத்துக்கு வருவதாக இல்லை.

சேகரிப்போரின் முதல் பாடம் இதுதான்: பெட்டியின் அழகைப் பார்க்காதே, எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று பார்.

கூடாரம் சுமந்த காலம்

1851-ல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலச் சிற்பி கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசிப் படம் பிடிக்கும் முறையை வெளியிட்டார். படம் துல்லியமாக விழுந்தது. ஒரு தகட்டிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்க முடிந்தது. அவர் காப்புரிமை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். உலகமே அந்த வித்தையால் சம்பாதித்தது. ஆர்ச்சர் மட்டும் 1857-ல் ஏழையாக இறந்தார்.

அந்த முறையில் ஒரு சங்கடம். பூசிய பசை காய்வதற்குள் படம் பிடித்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். இருப்பது சில நிமிஷங்கள்தான்! ஆகவே படம் பிடிக்கப் போகிறவர் காமிராவை மட்டும் கொண்டுபோனால் போதாது. இருட்டுக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், தண்ணீர், கூலியாட்கள் எல்லாம் கூடவே போக வேண்டும். கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருக்கும்!

செலவும் அப்படித்தான். 1856 மார்ச்சு மாதம் ஆக்ஸ்போர்டு கணித ஆசிரியர் ஒருவர் லண்டனில் ஆட்டவில் என்பவரின் பட்டறைக்குப் போய்ச் சுமார் 15 பவுனுக்கு ஒரு காமிரா வாங்கினார். அன்று ஓர் ஆங்கிலப் பண்ணையாளின் அரை வருஷக் கூலிக்கு மேல் அது. வாங்கியவர் பெயர் சார்லஸ் டாட்ஜ்ஸன். லூயி கரோல் என்ற புனைபெயரில் 'ஆலிஸ்' கதைகளை எழுதினாரே, அவரேதான். அதன்பின் 24 ஆண்டுகள் அவர் படம் பிடிப்பதை விடவில்லை.

வசதி உள்ளவர்களும், தொழில்காரர்களும் மட்டுமே வாங்கக் கூடிய சாமான் என்பதால் அந்தக் காலத்தில் செய்ததே குறைவு. செய்ததிலும் பெரும்பாலானவை உழைத்து உழைத்துத் தேய்ந்தன. படத் தகட்டிலிருந்து சொட்டும் சில்வர் நைட்ரேட் திராவகம் மரத்தைக் கறுக்கவைத்து அரித்தது. ஆகவே 1880-க்கு முற்பட்ட காமிரா, அதுவும் ஆட்டவில் போன்ற நல்ல பட்டறைக்காரரின் பெயரோடு கிடைத்தால், சேகரிப்போர் கண்கள் அகல விரிகின்றன.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அந்தக் கறுப்புக் கறையை அவர்கள் வெறுப்பதில்லை, தேடுகிறார்கள்! பிளேட் வைக்கும் சட்டத்துக்குள் கீழ்ப் பக்கம் கறுத்திருந்தால், மூலைகளில் தகட்டைத் தாங்க வெள்ளிக் கம்பி இருந்தால், "இது அசல் ஈரத் தகட்டுக் காமிரா" என்று தலையை ஆட்டுகிறார்கள். கறை இங்கே களங்கம் அல்ல, ஜாதகம்!

அழகு ஏமாற்றும்!

1871-ல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் ஜெலட்டின் பூசிய உலர்ந்த தகட்டுக்கு வழி சொன்னார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலர்ந்த தகடுகள் கடையிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. கூடாரம் போயிற்று, மருந்துப் புட்டி போயிற்று. வக்கீல், பாதிரியார், பள்ளி ஆசிரியர், வியாபாரி என்று எல்லோரும் காமிராவும் முக்காலியுமாகக் கிளம்பிவிட்டார்கள்.

பர்மிங்ஹாமில் லங்காஸ்டர், மான்செஸ்டரில் தார்ன்டன்-பிக்கார்டு போன்ற கம்பெனிகள் காமிராக்களைச் செய்து குவித்தன. மஹாகனி மரம், பளபளக்கும் பித்தளை, ஆர்மோனியத் துருத்தி போல் மடிந்து விரியும் தோல். கண்ணைப் பறிக்கும் அழகு! சினிமாவில் 'பழைய காமிரா' என்று காட்ட வேண்டுமானால் இதைத்தான் காட்டுவார்கள்.

ஆனால் விலை? சாதாரண ரகம் என்றால் இன்றும் சில நூறு பவுன்தான். காரணம், ஆயிரம் ஆயிரமாகச் செய்தார்கள். வாங்கியவர்கள் பெருமையோடு பத்திரமாக வைத்திருந்தார்கள். எங்கும் இருக்கிற பொருளுக்கு எப்படி விலை ஏறும்? நூற்றிருபது வயசு ஆகியும் நூறு பவுனைத் தாண்டத் திணறும் காமிராக்கள் உண்டு.

இந்த வகையில் ஒரு விதிவிலக்கு, நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. இந்தியாவின் வெயிலிலும் மழையிலும் சாதாரண மரப் பெட்டி விரிந்து சுருங்கிப் பிளந்துவிடும், பசை விட்டுப்போகும், பூச்சி தோலைத் தின்னும். ஆகவே வெப்ப நாடுகளுக்கென்று தேக்கு மரத்தில், மூட்டுக்கு மூட்டு பித்தளைப் பட்டை கட்டித் தனியாகக் காமிரா செய்தார்கள். பூச்சி அண்டாத வாடையுள்ள தோலில் துருத்தி தைத்தார்கள். 'டிராபிகல்' ரகம் என்று பெயர். சாதாரண ரகத்தைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

தோற்றதற்குத்தான் விலை!

இப்போது சூட்சுமத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். அன்று கடையில் வெற்றி பெற்ற காமிரா இன்று ஏலத்தில் தோற்கிறது. அன்று தோற்றுப்போன காமிரா இன்று ஜெயிக்கிறது!

லங்காஸ்டர் கம்பெனியையே எடுத்துக் கொள்ளுங்கள். அவர்களுடைய மஹாகனி காமிராக்கள் அமோகமாக விற்றன. 1886-ல் அவர்களே இன்னொரு தந்திரம் செய்தார்கள். சட்டைப் பையில் வைக்கும் கடிகாரம் போல ஒரு காமிரா! மூடியைத் திறந்தால் அடுக்குக் குழல்கள் தொலைநோக்கி போல முன்னே நீளும். பார்க்க அதிசயம், பயனுக்குத் தொல்லை. ஒவ்வொரு படத்துக்கும் பின் இருட்டில் உட்கார்ந்து தகட்டை மாற்ற வேண்டும். படமோ தபால் தலை அளவு. யார் வாங்குவார்கள்? சீமாட்டிகளுக்கென்று இன்னும் சிறிதாக ஒன்று செய்தார்கள். அது அதைவிடக் குறைவாக விற்றது. அந்தக் கடிகாரக் காமிராக்கள் இன்று சேகரிப்போர் கனவில் வருகின்றன. சீமாட்டி ரகம் கிடைத்தால் கேட்கவே வேண்டாம்! அதே கம்பெனியின் அழகான மஹாகனி காமிரா பக்கத்து மேஜையில் கேட்பாரற்று நிற்கும்.

பாரிஸில் 1864-ல் ஒருவர் படம் பிடித்த பெட்டிக்குள்ளேயே மருந்தை ஊற்றிக் கழுவும் காமிராவைக் கொண்டுவந்தார். அதற்கு 'டுப்ரோனி' என்று பெயர். செய்தவர் பெயர் பூர்டான். அந்தப் பெயரின் பிரெஞ்சு எழுத்துக்களைக் கலைத்துப் போட்டால் டுப்ரோனி வரும். உடனே படம் தரும் காமிராக்களுக்கெல்லாம் அது பாட்டன். பெட்டிக்குள் இருந்த கண்ணாடி அல்லது பீங்கான் அறையும், மருந்துப் புட்டிகளும், உறிஞ்சு குழலும் குறையாமல் கிடைத்தால்தான் முழு மதிப்பு. புட்டி ஒன்று உடைந்திருந்தாலும் வாங்குவோர் முகம் சுளிப்பார்கள்.

1880-களில் 'துப்பறியும் காமிரா' என்ற பைத்தியம் பிடித்தது. புத்தகத்துக்குள் காமிரா, தொப்பிக்குள் காமிரா, கழுத்துப் பட்டைக்குள் காமிரா! ஸ்டர்ன் கம்பெனி 1886-ல் ஒரு வட்டத் தட்டைக் காமிராவை வெளியிட்டது. அதைச் சட்டைக்குள் மார்பில் தொங்கவிட்டால் பொத்தான் துளை வழியாக லென்ஸ் எட்டிப் பார்க்கும். கயிற்றை இழுத்தால் படம் விழும். ஒரே வட்டத் தகட்டில் ஆறு படங்கள்.

1890-களில் நார்வே தலைநகரில் கார்ல் ஸ்டெர்மர் என்ற கல்லூரி மாணவன் இப்படிப்பட்ட ஒன்றை மாட்டிக்கொண்டு வீதியில் உலாவினான். எதிரே வருகிறவர்களுக்கு மரியாதையாக வணக்கம் சொல்வான். அவர்கள் பதில் வணக்கம் சொல்லும்போது கயிற்றை இழுப்பான். இப்படி ஏறக்குறைய 500 பேர்! நாடக ஆசிரியர் இப்சன் கூடத் தப்பவில்லை. பிற்காலத்தில் அந்த மாணவன் பெரிய கணித மேதையானார் என்பது வேறு விஷயம். விக்டோரியா காலத்துப் படங்களில் எல்லோரும் விறைத்து நிற்பார்கள். இந்தப் படங்களில் சிரிக்கிறார்கள். சேகரிப்போர் இந்த வட்டத் தட்டை வாங்கும்போது அந்தச் சிரிப்புக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்கள்!

மான்செஸ்டர் கருவித் தொழிலாளர் டான்சர் 1856-ல் காப்புரிமை பெற்ற இரட்டைக் கண் காமிராவும் இந்த வரிசையில் சேர்ந்தது. இரண்டு லென்ஸ், இரண்டு படம். இரண்டையும் ஒரு கருவி வழியாகப் பார்த்தால் பொருள்கள் திரண்டு உருண்டு தெரியும். இந்தக் காமிராக்களில் ஒன்று 1977 அக்டோபரில் லண்டனில் 21,000 பவுனுக்கு ஏலம் போனபோது, பழைய காமிராவுக்கு அதுதான் உலக சாதனை. பழைய காமிரா சேகரிப்போரின் பிரிட்டிஷ் சங்கம் தோன்றியதும் அதே 1977-ல்தான். ஆயிரக் கணக்கில் இருந்த சாதனை, 33 ஆண்டுகளில் லட்சக் கணக்குக்குப் போயிருக்கிறது.

ஒரே முகம், இரு விலை

இனி அமெரிக்கா. 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடக்' என்ற பெட்டியை 25 டாலருக்கு விற்றார். உள்ளே 100 படத்துக்குச் சுருள் இருக்கும். எல்லாம் எடுத்து முடிந்ததும் காமிராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் கொடுத்தால் படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். படங்கள் வட்டமாக, இரண்டரை அங்குல அகலத்தில் இருக்கும். காமிராவைப் பற்றி ஒன்றும் தெரியாதவனும் படம் பிடிக்கலாம் என்ற புரட்சி அன்று பிறந்தது.

அந்த முதல் கோடக்கில் லென்ஸைச் சுற்றி ஓர் உருளை சுழலும். மேலே உள்ள கயிற்றை இழுத்து அதை முடுக்க வேண்டும். செய்வதற்குச் சிரமம் என்று மறு வருஷமே சுலபமான அமைப்புக்கு மாற்றிவிட்டார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் உருளை உள்ள முதல் வருஷத்து அண்ணனுக்கும், உருளை இல்லாத தம்பிக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! முன்னே திறந்து பார்க்கத் தெரியாதவர் அண்ணனைத் தம்பி விலைக்கு விற்றுவிட்டு வருவார்.

மகாராணியின் கடைசிக் காலமான 1900-ல் அதே கம்பெனி அட்டையால் செய்த 'பிரவுனி' காமிராவை ஒரே டாலருக்கு வெளியிட்டது. இங்கிலாந்தில் ஐந்து ஷில்லிங். முதல் வருஷமே லட்சத்துக்கு மேல் விற்றது! பிறகு பல பத்தாண்டுகள் பிரவுனி என்ற பெயரில் லட்சம் லட்சமாக வந்தன. "எங்கள் வீட்டில் பிரவுனி இருக்கிறது" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி: பெரும்பாலான பிரவுனிகள் இன்று ஓட்டல் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். முதல் மாதங்களில் வந்தவற்றின் பின்மூடி மட்டும் செருப்புக் கடை அட்டைப் பெட்டி மூடி போல இருந்தது. சரியாகப் பொருந்தாமல் கழன்று விழுந்ததால் உடனே மாற்றிவிட்டார்கள். அந்தக் கழன்று விழும் மூடி இருந்தால் மட்டும் கதை வேறு!

பார்த்தீர்களா? மறுபடியும் குறைபாடுதான் விலையை ஏற்றுகிறது.

வயசு மட்டும் போதுமா என்றால், போதாது. 2022 ஜூனில் ஜெர்மனியில் ஒரு 'லைக்கா' காமிரா ஒரு கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. நம் பணம் நூறு கோடிக்கு மேல்! காமிராக்களிலேயே அதுவரை யாரும் காணாத விலை. அது விக்டோரியா காலத்தது அல்ல; 1923-ம் ஆண்டுக் குழந்தை. ஆனால் சோதனைக்காகச் செய்த இருபத்துச் சொச்சம் காமிராக்களில் ஒன்று. அதைக் கண்டுபிடித்த ஆஸ்கர் பார்னாக் தாமே வைத்திருந்தது. அவர் பெயரும் அதில் பொறித்திருந்தது. வயசைவிடப் பிறப்பும், யார் கையில் இருந்தது என்பதும் பெரிது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பாலிஷ் போட்டால் போச்சு!

வீட்டில் பழைய காமிரா அகப்பட்டால் நாம் முதலில் செய்யும் காரியம் என்ன? புளியையும் சாம்பலையும் எடுத்துப் பித்தளையைத் தேய்ப்பது. மரத்துக்கு வார்னிஷ் அடிப்பது. குத்துவிளக்குக்கு அது சரி. காமிராவுக்கு அது கொலை!

அந்தக் காலத்துப் பித்தளைக்கு மேல் மெல்லிய பொன்னிற அரக்குப் பூச்சு உண்டு. தேய்த்தால் அது போய்விடும், போனால் திரும்பாது. பட்டறைக்காரரின் பெயர் பொறித்த சின்ன வில்லை மழுங்கினால் காமிரா அநாதையாகிவிடும். விரிசல் விட்ட தோல் துருத்தியை மாற்றிப் புதிதாகத் தைத்தால் பாதி விலை பறந்துவிடும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

வாங்குகிறவர் பார்க்கும் விஷயங்கள் நான்கு. பெட்டியும் லென்ஸும் ஒன்றாகவே பிறந்தவையா, இடையில் 'கல்யாணம்' செய்து வைத்தவையா? பிளேட் சட்டங்கள், மங்கல் கண்ணாடி, முக்காலி, தோல் பை எல்லாம் உடன் இருக்கின்றனவா? பட்டறைக்காரர் பெயர் தெளிவாக இருக்கிறதா? யார் வாங்கினார், எங்கே உபயோகித்தார் என்பதற்கு ரசீதோ கடிதமோ உண்டா?

டால்மேயர் போன்ற பெயர்பெற்ற கம்பெனிகளின் லென்ஸ்களில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைக் கொண்டு செய்த ஆண்டையே சொல்லிவிடலாம். 1860 என்று விற்கும் பெட்டியில் 1890-ம் ஆண்டு லென்ஸ் உட்கார்ந்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

நகல்களிலும் எச்சரிக்கை வேண்டும். ஆஸ்திரியாவின் வோய்க்ட்லாண்டர் கம்பெனி 1841-ல் பீரங்கிக் குழல் போன்ற முழுப் பித்தளைக் காமிராவை விற்றது. அசல் கிடைப்பது வெகு அபூர்வம். ஆனால் அதே கம்பெனி பிற்காலத்தில் தன் ஆண்டுவிழாவுக்காக நகல்கள் செய்தது. ஏமாற்றுவதற்காகச் செய்யவில்லை, ஆனாலும் கைமாறிக் கைமாறி வரும்போது நகலும் அசல் வேஷம் போடுகிறது. வரவேற்பு அறை அலங்காரத்துக்கென்றே நேற்றுச் செய்த மரப் பித்தளைக் காமிராக்களும் சந்தையில் உண்டு. அவற்றில் படமே பிடிக்க முடியாது!

மற்றொரு கொடுமையும் நடக்கிறது. பழைய பித்தளை லென்ஸ்களுக்கு இந்தக் காலத்துப் படக்காரர்களிடம் கிராக்கி ஏறியிருக்கிறது. வியாபாரிகள் லென்ஸைக் கழற்றித் தனியே விற்கிறார்கள். கண்ணிழந்த மரப் பெட்டி மேஜை விளக்காக மாறுகிறது. நூறு வருஷம் சேர்ந்து வாழ்ந்த ஜோடியைப் பிரித்தால் இரண்டுக்குமே மதிப்புக் குறைகிறது. பிறகு எந்த நிபுணராலும் அதைச் சேர்த்து வைக்க முடியாது.

நம் ஊரில் இருந்தால்?

நம் ஊரில் விக்டோரியா காலத்துக் காமிராவா என்று சந்தேகப்பட வேண்டாம். சென்னையில் 1856-லேயே போட்டோ சங்கம் ஏற்பட்டுவிட்டது. அதே ஆண்டு லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை சர்க்கார் தன் போட்டோகிராபராக நியமித்தது. அவர் பெரிய மரக் காமிராவோடு மதுரை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களை வரிசையாகப் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவருக்குப் பின் வெள்ளைக்காரக் கம்பெனிகளும், ஜமீன்தார்களும், நம்மவர் ஸ்டூடியோக்களும் சீமைக் காமிராக்களைக் கப்பலில் வரவழைத்தார்கள்.

ஆனால் ஸ்டூடியோவில் மரக் காமிரா நின்றால் உடனே சீமைச் சரக்கு என்று முடிவு கட்ட வேண்டாம். 1940-களில் தொடங்கி ஆலப்புழையில் 'வாகீஸ்வரி' என்ற பெயரில் தேக்கும் பித்தளையும் கொண்ட அருமையான காமிராக்களைச் செய்தார்கள். தென்னாட்டு ஸ்டூடியோக்கள் பலவற்றில் கல்யாணப் படமும் பள்ளிக்கூடக் குரூப் படமும் எடுத்தவை அவைதான். அவை விக்டோரியா காலத்தவை அல்ல. ஆனால் மட்டமும் அல்ல. நம் தச்சரும் கன்னாரும் சேர்ந்து செய்த சரித்திரம் அது. சீமைக் காமிரா என்று பொய் சொல்லி விற்பதைவிட, வாகீஸ்வரி என்று மெய் சொல்லி வைத்திருப்பது கௌரவம்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். விஞ்ஞானத்தையோ கலையையோ கைத்தொழிலையோ விளக்கும் 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் காவல் காக்கிறது. அப்படிப்பட்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப அதில் இடமில்லை. ஆகவே "வியன்னாவில் ஏலம் போடுகிறேன், கொடுங்கள்" என்று எவராவது வந்தால், பெட்டியைக் கொடுப்பதற்கு முன் தொல்பொருள் இலாகாவைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் வீட்டுக் காமிரா கோடிக்குப் போகுமா? பெரும்பாலும் போகாது. ஆயினும் காசு செலவில்லாமல் அதன் மதிப்பை உயர்த்த ஒரு வழி இருக்கிறது. ஒரு காகிதம் எடுங்கள். இதை வாங்கியவர் யார், எந்த ஊர், எந்த வருஷம், யார் யாரைப் படம் பிடித்தார் என்று தெரிந்த மட்டும் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அதில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து அந்தப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஆயிரம் முகங்களை ஞாபகம் வைத்திருந்த பெட்டி அது. தன் சொந்தக்காரர் பெயரை மட்டும் அதனால் சொல்ல முடியாது. அந்த ஒரு வரியை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.